ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் நகர்வு: கண்டுபிடிப்பதும் சமாளிப்பதும்

எஃப் 1.5-இலிருந்து 2.8-க்கு அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, குறைத்ததே (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) பாதுகாப்புக்காகத்தான். கூர்மை ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) கூடும், ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் தாங்கும் என்ற நினைப்பு. கழுவி வந்த நெகட்டிவில் லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் இமைமுடி மங்கல். கிருதாவிலோ ஒவ்வொரு முடியையும் எண்ணிவிடலாம். அதே ரோலில் எஃப் 1.5-இல் எடுத்த இரண்டு படங்களில் கண் கச்சிதமாக இருந்தது. அகலத் திறந்தால் சரி, மூடினால் தப்பு. எனக்குத் தலை சுற்றியது.

நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர்தான் (இரண்டு பிம்பங்களை ஒட்டவைத்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு) கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி பாடியை ரிப்பேருக்கு அனுப்பினேன். "எஃப் 2.8-இல் சரியாக வரவேண்டும்" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். சொன்னபடியே செய்து அனுப்பினார்கள். அந்த 50 மி.மீ. லென்ஸ் 2.8-இல் சரியாக வந்தது. ஆனால் எஃப் 1.5-இல் மூக்குநுனிக்கு ஃபோகஸ் போனது, அதுவரை ஒழுங்காக இருந்த 35-உம் 90-உம் சேர்ந்து கெட்டன, தொலைவிலிருக்கும் கோபுரத்தை முடிவிலியில் வைத்துப் பார்த்தால் இரண்டு பிம்பமும் ஒட்டவில்லை. மறுபடி அனுப்பி, மறுபடி காசு கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். கீழே உள்ள வரிசையில் போனால் உங்களுக்கு அந்த இரண்டு பில்லும் மிச்சம்.

1. முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

லென்ஸின் ஓரங்கள் வழியே வரும் ஒளியும் நடுப்பகுதி வழியே வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவிய வேண்டும். பல வேகமான லென்ஸ்களில், குறிப்பாகப் பழைய 'சொன்னார்' (Sonnar) என்ற லென்ஸ் வகைகளில், அப்படிக் குவிவதில்லை. ஓரத்து ஒளி சற்று முன்னாடியே குவிந்துவிடும். அகலத் திறந்திருக்கும்போது இரண்டும் கலந்து ஒரு சராசரி இடத்தில் கூர்மை விழும். அபர்ச்சரை மூடினால் ஓரத்து ஒளி வெட்டுப்படும், நடுப்பகுதி ஒளி மட்டும் மிஞ்சும், கூர்மை விழும் தளமும் இடம் மாறும். இதுதான் ஃபோகஸ் நகர்வு. பெரும்பாலான லென்ஸ்களில் அது பொருளுக்குப் பின்னால் போகும்.

இதை ரேஞ்ச்ஃபைண்டரால் பார்க்க முடியாது. நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. லென்ஸின் பின்பக்கத்துக் கேம் (cam, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் நகரும் உலோக விளிம்பு), பாடிக்குள் இருக்கும் உருளையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வைத்துத்தான் வியூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் இரண்டு பிம்பமும் ஒட்டுகின்றன. அபர்ச்சர் எவ்வளவு என்பது அந்த உருளைக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இப்படிப்பட்ட லென்ஸை ஏதாவது ஒரு அபர்ச்சருக்கு மட்டுமே சரியாக அமைக்க முடியும். எந்த அபர்ச்சருக்கு அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்.

இது கோளாறு அல்ல, இயல்பு. ஸைஸ் சி சொன்னார் 50 மி.மீ. எஃப் 1.5, 2010-க்கு முந்தைய லைக்கா சம்மிலக்ஸ் 35 ஆஸ்ஃபெரிக்கல், வாய்க்லாண்டர் நாக்டன் கிளாசிக் 35 எஃப் 1.4 எல்லாம் இதற்குப் பேர்போனவை. அவற்றை ஆசையாக வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் என்னுடையதை விற்கவில்லை.

2. சந்தேகப் பட்டியலைச் சுருக்குங்கள்

ஃபோகஸ் தப்புவதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் நகர்வின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

ஃபோகஸ் செய்த பிறகு கேமராவைத் திருப்பிப் படத்தை அமைக்கும் பழக்கம் உண்டா? 1 மீட்டரில் கண்ணுக்கு ஃபோகஸ் செய்து 15 பாகை திருப்பினால், கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 3.4 செ.மீ. தள்ளிப் போய்விடும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1 மீட்டரில் எஃப் 1.5-இல் கிடைக்கும் மொத்தக் கூர்மை ஆழமே அவ்வளவுதான். பார்ப்பதற்கு இது அச்சு அசலாக ஃபோகஸ் நகர்வு மாதிரியே இருக்கும். சோதனைப் படங்களில் பொருள் எப்போதும் நடுவிலேயே இருக்கட்டும்.

அடுத்து உங்கள் கண். லைக்கா எம் வகைகளின் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டருக்கு (மூக்குக்கண்ணாடியின் பவர் அளவு) அமைக்கப்பட்டது. நடுக்கட்டம் உங்களுக்கு மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடி போட்டுப் பாருங்கள், அல்லது திருத்த லென்ஸ் மாட்டுங்கள். ஒரே பொருளுக்குப் பத்து முறை ஃபோகஸ் செய்து ஒவ்வொரு முறையும் தூர அளவில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முள் அங்குமிங்கும் அலைந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு ரேஞ்ச்ஃபைண்டரின் ஒழுங்கு. லென்ஸை முடிவிலியில் நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோபுரத்தையோ விளக்கையோ பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். எந்த லென்ஸிலும் ஒட்டாவிட்டால் பாடியில் கோளாறு, ஒன்றில் மட்டும் ஒட்டாவிட்டால் அந்த லென்ஸில் கோளாறு. முடிவிலியில் சரியாக இருந்து, எல்லா அபர்ச்சரிலும் ஒரே அளவுக்குக் கிட்டத்தில் மட்டும் பிசகினால், லென்ஸின் கேமும் உங்கள் பாடியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பழைய ஸ்க்ரூ (திருகி மாட்டும்) லென்ஸ்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அடையாளம் இதுதான்: ஒழுங்குக் கோளாறு என்றால் பிசகு எல்லா அபர்ச்சரிலும் ஒரே பக்கம், ஒரே அளவு. நகர்வு என்றால் அபர்ச்சர் மாற மாறப் பிசகும் மாறும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு, அப்போதுதான் ஆள் குழம்பிப்போவார்.

3. ஃபிலிம் போடாமல் ஒரு முன்னோட்டம்

பின்கதவு திறக்கும் கேமராவானால் காசில்லாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்து மங்கலாக்கிய சிறிய கண்ணாடித் துண்டு ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டில் மங்கல் வகை ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளலாம். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் உள் தண்டவாளங்களின் மேல் அதை வையுங்கள். மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். கேமரா ட்ரைபாடில் இருக்கட்டும். ஷட்டரை 'பி'-இல் வைத்து, பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் திறந்தே நிறுத்துங்கள். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு 8 அல்லது 10 மடங்கு லூப்பால் பாருங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரால் ஒரு பொருளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் அபர்ச்சரை மட்டும் 1.5, 2, 2.8 என்று மூடிக்கொண்டே வாருங்கள். கூர்மை பின்னால் நழுவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 4-க்கு மேல் கண்ணாடி இருண்டுவிடும், அதற்குமேல் சிரமப்படாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது. துணித்திரை ஷட்டர் உள்ள கேமராவை, லென்ஸ் மூடியில்லாமல் சூரியன் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி வேலை செய்து திரையில் ஓட்டை போட்டுவிடும். எம் வகை லைக்காவில் பின்பக்கம் ஒரு மடல் மாதிரித் திறக்கும், அதனால் இந்த வேலை நடக்கும். அதற்கு முந்தைய ஸ்க்ரூ மவுண்ட் லைக்காக்களில் பின்பக்கம் திறக்காது. அவற்றை வைத்திருப்பவர்கள் நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

கண்ணாடி சில்லு முன்னே பின்னே உட்காரலாம் என்பதால் இங்கே சென்டிமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். நகர்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நண்பர் யாரிடமாவது மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவும் அதற்குப் பொருந்தும் அடாப்டரும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்குங்கள். அகலத் திறந்த நிலையில் திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் ஒவ்வொரு அபர்ச்சரிலும் ஒரு படம் எடுத்தால் லென்ஸின் நகர்வு மட்டும் தனியாகத் தெரியும். ஆனால் உங்கள் ரேஞ்ச்ஃபைண்டர் எந்த அபர்ச்சருக்குப் பொருந்துகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு ஃபிலிம்தான் சாட்சி.

4. ஒரு ரோல், 36 பிரேம்

வேண்டியவை: ஐ.எஸ்.ஓ. 100 நுண்மணிக் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று, ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், 30 செ.மீ. ஸ்கேல், அட்டை, செய்தித்தாள் துண்டு, நோட்டு. ஐ.எஸ்.ஓ. 400 வேண்டாம், அதன் மணிகளிடையே நீங்கள் தேடும் வித்தியாசம் தொலைந்துபோகும்.

அட்டையில் தடித்த செங்குத்துக் கோடு ஒன்று வரைந்து, கேமராவுக்கு நேராக நிமிர்த்தி வையுங்கள். ஃபோகஸ் செய்ய வேண்டியது இந்தக் கோட்டுக்கு மட்டும். அதை ஒட்டினாற்போல ஸ்கேலை 45 பாகைச் சாய்வில், 15 செ.மீ. குறி அட்டையின் தளத்தில் வரும்படி வையுங்கள். சாய்ந்த ஸ்கேலுக்கே நேரடியாக ஃபோகஸ் செய்யக்கூடாது; நடுக்கட்டம் அதில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று உங்களுக்கே தெரியாது. ஸ்கேலின் மெல்லிய கோடுகளைவிட அச்செழுத்தில் கூர்மையைக் கணிப்பது எளிது. அதனால் ஸ்கேல் ஓரமாகச் செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கத்தரித்து ஒட்டினேன். அந்தச் சின்ன வேலை பெரிய உதவி.

ஒவ்வொரு படத்திலும் அபர்ச்சர் எண்ணை எழுதிய சீட்டு தெரிய வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்காதீர்கள். என் முதல் ரோலில் நடுவில் ஒரு பிரேமை இரட்டிப்பாக எடுத்துவிட்டு, அதற்குப் பின் வந்ததெல்லாம் ஒன்று தள்ளிப்போய், முழு ரோலும் வீணானது.

வெளிச்சம்: நல்ல வெயிலில் எஃப் 1.5-க்கு 1/1000 போதவே போதாது. ஜன்னலோர வெளிச்சத்தில் எஃப் 1.5-க்கு 1/500 வரும்படி இடம் பாருங்கள். அங்கிருந்து எஃப் 8-க்குப் போக ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்), அதாவது 1/15. ட்ரைபாடும் கேபிளும் இருந்தால் அதில் ஆட்டம் வராது.

பங்கீடு இப்படி. ஃபிலிம் தளத்திலிருந்து 1 மீட்டரில், எஃப் 1.5, 2, 2.8, 4, 5.6, 8 ஆறுக்கும் மும்மூன்று படம், மொத்தம் 18. ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய்விட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வாருங்கள். மூன்றில் ஒன்று பிசகினால் அது உங்கள் கை, மூன்றும் ஒரே இடத்தில் நின்றால் அது லென்ஸ். அடுத்து 2 மீட்டரில் 1.5, 2.8, 4-க்கு மும்மூன்று, ஒன்பது படம். அப்புறம் முடிவிலியில் 1.5, 2.8, 5.6-க்கு இரண்டிரண்டு, ஆறு படம். இதை அந்தி நேரத்தில் எடுங்கள், அல்லது என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருமையான கண்ணாடி) போடுங்கள், ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டர் இருளாது என்பது ஒரு சௌகரியம். மிச்சம் மூன்று பிரேம். அவற்றை நகர்வு இல்லாத இன்னொரு லென்ஸுக்குக் கொடுங்கள், 1 மீட்டரில், அகலத் திறந்து. அது சரியாக வந்தால் பாடி நிரபராதி.

எடுக்க ஒரு பிற்பகலும் ஒரு அந்தியும் ஆகும். செலவு ஒரு ரோலும் அதைக் கழுவும் கூலியும்தான். பிரிண்ட் போடச் சொல்லாதீர்கள். ரோலை வெட்டி ஆறு ஆறாக உறையில் போட்டுத் தரச் சொன்னால் போதும்.

5. நெகட்டிவை வாசிப்பது

லைட் டேபிளில் நெகட்டிவை வைத்து லூப்பால் பாருங்கள். ஸ்கேன் செய்வதானால் ஷார்ப்னிங்கை அணைத்துவிடுங்கள். கடையில் தரும் சிறிய ஸ்கேனை நம்பாதீர்கள். மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூராக்கி உங்களை ஏமாற்றும்.

ஒவ்வொரு பிரேமிலும் மிகக் கூர்மையான எழுத்து ஸ்கேலின் எந்தக் குறிக்கு எதிரில் இருக்கிறது என்று எழுதுங்கள். 15-இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை 0.7-ஆல் பெருக்கினால் உண்மையான ஆழம். அட்டைக்குப் பின்னால் என்றால் பிளஸ், முன்னால் என்றால் மைனஸ்.

என் லென்ஸுக்கு 1 மீட்டரில் வந்தது: எஃப் 1.5-இல் பூஜ்யம், 2-இல் பிளஸ் 1 செ.மீ., 2.8-இல் பிளஸ் 3, 4-இல் பிளஸ் 4. எஃப் 5.6-இல் எது கூர்மை மிக்க எழுத்து என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லாமே தெளிவு.

இதைக் கூர்மை ஆழக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 0.03 மி.மீ. மங்கல் வட்டம் (ஒரு புள்ளி ஃபிலிமில் அவ்வளவு பரந்தாலும் கூர்மை என்றே கொள்வது) என்ற வழக்கமான அளவுகோலில், 50 மி.மீ. லென்ஸுக்கு 1 மீட்டரில் எஃப் 1.5-இல் பக்கத்துக்கு 1.7 செ.மீ., 2.8-இல் 3.2, 4-இல் 4.6, 5.6-இல் 6.4, 8-இல் 9 செ.மீ. அளவுக்குக் கிடைக்கிறது. 2.8-இல் 3 செ.மீ. நகர்வு என்றால் கணக்குப்படி கண் இன்னும் எல்லைக்குள்தான். ஆனால் வேலியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிரிண்டில் தெரியாது, பெரிதாக்கினால் முகத்திலடிக்கும். லென்ஸில் பொறித்திருக்கும் ஆழக் குறிகளை நம்பி "எல்லைக்குள்தானே இருக்கிறது" என்று நினைக்காதீர்கள். நான் நினைத்து ஏமாந்தேன்.

6. எந்தெந்த அபர்ச்சரில் வாழப்போகிறீர்கள்?

இப்போது கையில் எண்கள் இருக்கின்றன. ஆபத்தான பகுதி ஒன்று தெரியும், பெரும்பாலும் அகலத் திறந்ததற்கு ஒன்று இரண்டு ஸ்டாப் கீழே. மறுகோடியில் 5.6-ஐத் தாண்டினால் ஆழம் நகர்வை விழுங்கிவிடும்.

சோம்பேறி வழி ஒன்று உண்டு, அது கேவலமானதும் அல்ல: நடுவில் இருக்கும் அபர்ச்சர்களைத் தொடாமலே இருப்பது. என் படங்களில் முக்கால்வாசி எஃப் 1.5 அல்லது 5.6. வெளிச்சம் கூடினால் ஷட்டரை ஏற்றுவேன், போதாவிட்டால் என்.டி. ஃபில்டர். முதல் மூன்று மாதத்துக்கு இதையே எல்லோருக்கும் சொல்வேன்.

தூரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை: "கிட்டத்தில்தான் பிரச்சினை, 3 மீட்டர் தாண்டினால் கவலையில்லை." லென்ஸுக்குப் பின்னால், ஃபிலிம் பக்கத்தில், நகர்வின் அளவு தூரத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. அதனால் மங்கலும் ஏறத்தாழ அதேதான். தூரத்தில் இமைமுடி அளவுக்குக் காட்டிக்கொடுக்கும் பொருள் படத்தில் இருப்பதில்லை, அவ்வளவே. 2 மீட்டர் பிரேம்களை லூப்பால் பார்த்தால் புரியும்.

7. திருத்திக்கொள்ளும் இரண்டு வழி

நடு அபர்ச்சர் வேண்டித்தான் இருக்கிறது என்றால், கையால் ஈடுகட்டலாம்.

முதலாவது, உடம்பைச் சாய்ப்பது. பிம்பங்களை ஒட்டவைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் கேமராவோடு நகர்வது. கூர்மை பொருளுக்குப் பின்னால் விழுகிறதா? நீங்கள் பின்னால் சாயுங்கள், தளமும் உங்களோடு உங்கள் பக்கம் வரும். முன்னால் விழுகிறதா? முன்னால் சாயுங்கள். புதியவர்கள் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து பிசகை இரட்டிப்பாக்குகிறார்கள், அதனால் கேமரா அடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டாலும் வெட்கமில்லை. 3 செ.மீ. என்பது ஒரு காலை முன்வைத்து நின்று, எடையை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றும் அளவு. சுவரோரம் அளவுநாடாவை நீட்டிவைத்து, கண்ணாடி முன் ஒரு மாலை முழுக்கப் பழகினேன். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு கதை.

ஆனால் சாய்வது 1 மீட்டர் அளவுக்குத்தான் சரிப்படும். தூரம் இரட்டித்தால் சாய வேண்டிய அளவு நான்கு மடங்கு. 1 மீட்டரில் 3 செ.மீ. என்பது 2 மீட்டரில் 12 செ.மீ.-க்கு மேல். அது சாய்வு அல்ல, நடை.

இரண்டாவது வழியைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கட்டுரையே. ஃபிலிம் பக்கத்தில் நகர்வு மாறாத அளவு என்றேன் இல்லையா? அப்படியானால் அதை ஈடுகட்ட வளையத்தைத் திருப்ப வேண்டிய அளவும் எல்லாத் தூரத்துக்கும் ஒன்றுதான். அந்தத் திருப்பலால் நடுக்கட்டத்தில் இரண்டு பிம்பமும் விலகும் இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆக, தூரத்துக்குத் தூரம் கணக்குப் போட வேண்டாம். ஒரே ஒரு இடைவெளியைக் கண்ணுக்குப் பழக்கினால் போதும்.

பழகும் முறை: கேமராவை ட்ரைபாடில் வைத்து, 1 மீட்டரில் இருக்கும் கோட்டுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். உங்கள் நகர்வு பிளஸ் 3 என்றால், வளையத்தைத் தொடாமல் அட்டையை 3 செ.மீ. பின்னால் நகர்த்துங்கள். இப்போது நடுக்கட்டத்தில் கோடு இரட்டையாகத் தெரியும், மயிரிழையைவிடக் கொஞ்சம் அதிகமான பிளவு. அந்தப் பிளவுதான் உங்கள் அளவு. எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதையும் பார்த்துவையுங்கள். இனி எஃப் 2.8-இல் படமெடுக்கும்போது, முடிவிலிப் பக்கத்திலிருந்து வந்து, பிம்பங்களை ஒட்டவைத்து, அதே திசையில் இன்னும் கொஞ்சம் கிட்டப்பக்கம் போய் அந்தப் பிளவு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரே திசையில் போவதால் வளையத்தின் தொளதொளப்பும் குறுக்கிடாது.

உங்கள் லென்ஸ் 2.8-க்கு அமைக்கப்பட்டு, எஃப் 1.5-இல் முன்னால் விழும் வகையானால் எல்லாம் எதிர்ப்பக்கம்: அட்டையை முன்னால் நகர்த்திப் பிளவைப் பழகுங்கள், படமெடுக்கும்போது கிட்டப்பக்கத்திலிருந்து வந்து, ஒட்டவைத்து, முடிவிலி நோக்கிக் கொஞ்சம் தாண்டுங்கள்.

வியூஃபைண்டர் உருப்பெருக்கமும் இரு ஜன்னல்களின் இடைவெளியும் குறைந்த கேமராக்களில் இந்தப் பிளவு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். அங்கே சாய்வதும் 5.6-உம்தான் கதி. எதுவானாலும் முக்கியமான முகம் என்றால் ஒட்டிய நிலையில் ஒன்று, திருத்தி ஒன்று, சற்றுக் கூடுதலாகத் திருத்தி ஒன்று என்று மூன்று பிரேம் எடுத்துவிடுங்கள்.

8. ரிப்பேருக்கு அனுப்புவதென்றால்

நகர்வை யாராலும் நீக்க முடியாது. எந்த அபர்ச்சரில் பூஜ்யம் விழ வேண்டும் என்பதை மட்டும் மாற்றலாம், லென்ஸுக்குள் தகடு கூட்டியோ குறைத்தோ. நீங்கள் எப்போதும் எஃப் 1.5-இல் எடுப்பவர், லென்ஸோ 2.8-க்கு அமைந்திருக்கிறது என்றால் அந்தச் செலவு நியாயம். நடுத்தரமாக எஃப் 2-க்கு அமைக்கச் சொல்பவர்களும் உண்டு, 1.5-இல் கொஞ்சம் முன்னால், 2.8-இல் கொஞ்சம் பின்னால், இரண்டையும் ஆழம் ஓரளவு மூடிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்குமே முழுக் கூர்மை இல்லாத மாதிரி ஒரு எரிச்சல்.

பாடிக்குள் இருக்கும் உருளையை ஒரு லென்ஸுக்காகத் திருப்பவே கூடாது, நீங்களும் சரி, ரிப்பேர்காரரும் சரி. இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டுச் சாவியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் பாடி அதன் பொது அளவுக்கு வர வேண்டும், அப்புறம்தான் லென்ஸ். இவை இரண்டு வேலை, இரண்டு கட்டணம். மதிப்பீட்டைத் தனித்தனியாகக் கேளுங்கள்; சரிபார்த்துவிட்டு "வேலை தேவையில்லை" என்று திருப்பினால் என்ன கட்டணம் என்பதையும் முன்பே கேளுங்கள்.

பார்சலோடு போக வேண்டிய காகிதங்கள்: பாடி, லென்ஸ் இரண்டின் வரிசை எண், உங்கள் சோதனை அட்டவணை, 1.5, 2.8, 5.6 நெகட்டிவ்களின் ஸ்கேன் பிரதி (அசலைக் கொடுக்காதீர்கள்). முடிவிலியில் பிம்பம் ஒட்டுகிறதா என்ற குறிப்பு. "பாடியைப் பொது அளவில் சரிபார்க்கவும், லென்ஸை 1 மீட்டரில் எஃப் இத்தனைக்கு அமைக்கவும்" என்று ஒரே ஒரு வாக்கியம். லென்ஸுக்குச் சொல்ல வேண்டியதை நான் பாடிக்குச் சொன்னதுதான் என் கதை. கட்டும் முன் லென்ஸ் கண்ணாடியின் இருபுறமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பற்றி யார் சொல்வதையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். கல்யாணமோ பயணமோ இரண்டு மாதத்துக்குள் இருந்தால் அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சின்னச் சோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்: 1 மீட்டரில் மூன்று அபர்ச்சர், முடிவிலியில் ஒன்று, அப்புறம் வேறொரு லென்ஸில் இரண்டு. ஆறே பிரேம்.

9. பழையது வாங்கப் போகிறவர்களுக்கு

"ஃபோகஸ் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் விற்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார், பொய்யாகவும் இருக்காது. "எந்த அபர்ச்சருக்கு அமைத்திருக்கிறது? ரிப்பேருக்குப் போனதுண்டா? பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சி சொன்னாரில் தொடக்கத்தில் வந்தவை 2.8-க்கு அமைக்கப்பட்டவை, பிறகு 1.5-க்கு மாற்றியமைக்கப்பட்டவையும் சந்தையில் உண்டு, வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. சம்மிலக்ஸ் 35-இல் 2010-இல் வந்த, உள்ளே மிதக்கும் கண்ணாடித் தொகுதி உள்ள வடிவம் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது.  விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அதற்குள் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.